நாற்பதாவது குழாய்

காலை பத்து மணிக்கு மேல் அந்த வெயிலில் குளுசட்டை இல்லாமல் நின்றால் ஒன்பது நிமிடம். அதற்கு மேல் மனுஷன் தாங்கமாட்டான். இது கம்பெனி சொன்ன கணக்கு. வேலையாட்கள் சொன்ன கணக்கு ஏழு.

குளுசட்டை கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடம்போடு ஒட்டிக்கிடக்கும். அதற்குள் நூல் மாதிரி குழாய்கள், குழாய்க்குள் சில்லென்ற தண்ணீர். ஒவ்வொருவன் இடுப்பிலிருந்தும் ஒரு நீளக் குழாய் கிளம்பி நடுவில் நிற்கிற தாய்வண்டிக்குப் போகும். ஒரு வண்டிக்கு நாற்பது குழாய், நாற்பது ஆள். பாலைவனத்தில் இன்னும் பெயர் வைக்காத ஒரு நகரத்துக்கு உப்புநீர்க் குழாய் பதிக்கிற வேலை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பன்றியை நாற்பது குட்டிகள் சுற்றி நின்று பால் குடிப்பது மாதிரி இருக்கும்.

வண்டியிடம் இருக்கிற குளிர்ச்சி அளவானது. அதை நாற்பது பேருக்குப் பங்கு வைப்பது வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர். சட்டை ஒவ்வொரு நொடியும் உடம்புச் சூட்டையும் நெஞ்சுத் துடிப்பையும் வண்டிக்குச் சொல்லும். எவனுக்குச் சூடு ஏறுகிறதோ அவனுக்குப் பங்கு கூடும்.

சேர்மதுரைக்கு இருபத்து மூன்றாம் வண்டியின் பக்கத்தில் இருந்த ரிப்பேர் கொட்டகையில் வேலை. ஏரல் பஜாரில் செல்போன் கடை வைத்திருந்தவன். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் கழற்றிப் பார்க்காத சாமான் கிடையாது. கிழிந்த சட்டையை ஒட்டுவது, பம்பு மாற்றுவது, வண்டியின் திரையில் ஏதாவது சிவப்பாக மின்னினால் ஓடிப்போய்ப் பார்ப்பது எல்லாம் அவன்தான்.

அவனுக்கு அங்கே இருந்த ஒரே சொந்தம் இசக்கிராஜ். அக்கா வடிவின் புருஷன். அதே வண்டிக்கு மேஸ்திரி. அவருக்குக் கிட்னி போய்க்கொண்டிருந்தது. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, நெஞ்சு பத்துத் துடிப்பு ஒழுங்காகத் துடித்துவிட்டு ஒன்றைத் தவறவிட்டது. ஒப்பந்தம் முடியாமல் அங்கிருந்து யாரும் ஊருக்குப் போனதில்லை. இன்னும் பதினொரு மாதம் பாக்கி.

"பதினோரு மாசம் என்னைய உசுரோட வச்சிருவியால மாப்ள?" என்று ஒருநாள் சாப்பாட்டுக் கண்டெய்னரில் சிரித்துக்கொண்டே கேட்டார். "உங்க அக்கா உன்னத்தான் கேப்பா."

"சிரிக்காதீங்க அத்தான்."

"அழுதா கிட்னி திரும்ப முளைக்குமால?"

அன்றைக்குத்தான் சேர்மதுரை தான் கண்டுபிடித்ததைச் சொன்னான்.

கண்டுபிடித்தது ஆட்களின் ஒரு பழக்கத்தால். வேலை முடிந்ததும் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு நான்கு நிமிடம் நிற்க வேண்டும். வண்டி அவன் கணக்கை முறையாக மூடும். அதன்பிறகுதான் குழாயை உருவ வேண்டும். ஆனால் கேம்ப்புக்குப் போகிற பஸ் யாருக்காகவும் நிற்காது. அதை விட்டால் அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து. அதனால் எல்லாரும் பொத்தானைத் தொடாமலே குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடுவார்கள். வண்டி பாதிப் பேச்சில் நிற்கும். அடுத்த நாள் திரையில் சின்னச் சின்னத் தப்புகள் வரும்: ஒருவன் சூடு இன்னொருவன் பெயரில் காட்டும், இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். சேர்மதுரை அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் பின்னாலேயே போனான்.

"வண்டிக்கு அடி மூளைன்னு ஒண்ணு இருக்கு அத்தான். கெர்னல்னு சொல்லுவாங்க."

"கர்னலா? பட்டாளத்துக்காரன்லா அது."

"கேளுங்கத்தான். நம்ம கேம்ப்ல ஒருத்தன் கட்டில விட்டுட்டுப் போறான்னு வையுங்க. சாவிய ஆபீஸ்ல குடுக்கணும்லா? குடுக்காமப் போயிட்டான். ஆபீஸ்காரன் பாத்தான், ஆளக் காணும். கட்டில் காலின்னு எழுதிட்டான். ஆனா சாவி பழைய ஆளு கையிலதான இருக்கு? அவன் திரும்பி வந்து தொறந்து படுத்துக்கிடலாம். ஆபீஸ்காரனுக்குத் தெரியவே தெரியாது. அதே மாதிரிதான். குழாய மாட்டின உடனே வண்டிக்குள்ள உங்களுக்குன்னு ஒரு ரூம் போடும். உங்க சூடு, துடிப்பு, பங்கு எல்லாம் அந்த ரூம்லதான் எழுதி வைக்கும். ரூம் போடும்போது வண்டியில வெளக்கு சிமிட்டும், அப்பமே சடக்குன்னு பிடுங்கினா கொஞ்சம் கழிச்சு ரூம் காலின்னு எழுதிரும். சாவி உங்க சட்டையிலயே கெடக்கும்."

இசக்கிராஜ் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அப்பம் எனக்கு ரெண்டு ரூமு."

"ரெண்டு பங்கு."

"புதுசா அந்தக் கட்டிலுக்கு வந்தவன் எங்கல படுப்பான்?"

"அதுக்குத்தான் யாரும் வராத கட்டிலாப் பாத்து வச்சிருக்கேன். நாப்பதாவது குழாய் கிழிஞ்சு கெடக்கு. யாரும் மாட்டுறதில்ல. காலையில மொதல்ல அதுல மாட்டுங்க. வெளக்கு சிமிட்டும்போது உருவுங்க. பதினொண்ணு வர எண்ணுங்க. பிறவு, அது காலின்னு எழுதுறதுக்குள்ள, உங்க குழாயில மாட்டுங்க. அவ்வளவுதான்."

வேலை செய்தது. ஒரே வாரத்தில் இசக்கிராஜின் கால் வீக்கம் குறைந்தது. மத்தியானத்தில் படுத்துக் கிடந்தவர் நிழலில் நின்று ஆட்களைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தார். அக்கா போனில், "குரலே மாறிட்டுல தம்பி, பழைய மாதிரி பேசுதாவ," என்றாள். சேர்மதுரைக்கு அன்று இரண்டு தட்டு சோறு இறங்கியது.

அந்த ஆறு வாரத்தில் இருபத்து மூன்றாம் வண்டியில் ஐந்து பேர் சுருண்டு விழுந்தார்கள். ஒருவனும் சாகவில்லை. தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்தார்கள். இந்த வருஷம் வெயில் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். சேர்மதுரையும் அப்படித்தான் நினைத்தான். ஐந்து பேரின் சட்டையையும் அவன்தான் கழற்றிப் பார்த்தான். எதிலும் குறை இல்லை.

ஏழாவது வாரம் ஊர்க்காவலன் என்று ஒரு புது ஆள் வந்தான்.

சாயல்குடிப் பக்கம். இருபத்து நாலு வயது. வந்த முதல் நாளே கொட்டகைக்குள் தலையை நீட்டினான்.

"அண்ணே, இந்தச் சட்டைக்கு ஜிப்பு ஏறமாட்டேங்குது. இல்ல, எனக்குத்தான் வயிறு எறங்கமாட்டேங்குதா?"

ஜிப்பைச் சரிபண்ணுகிற பத்து நிமிடத்தில் தன் ஊர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் யார், அவருக்கும் கண்டக்டருக்கும் என்ன சண்டை, தான் யாருக்குச் சாட்சி சொன்னான், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து தன்னை எப்படி அடித்தார்கள் என்று எல்லாம் சொல்லிவிட்டான். சேர்மதுரை மாதக்கணக்கில் அப்படிச் சிரித்ததில்லை. மறுநாளும் ஒரு காரணமும் இல்லாமல் வந்தான். அதற்கு மறுநாளும்.

இருபத்து மூன்றாம் வண்டியில் அப்போது ஒரு புது ஒழுங்கு வந்திருந்தது. புதுசாக வந்தவன் எல்லாருக்கும் குழாய் மாட்டிவிட்டுத் தான் கடைசியாக மாட்ட வேண்டும். வேலை பழக வேண்டுமாம். மேஸ்திரி இசக்கிராஜ் அவனை ஒற்றையாக விட்டுவிடாமல் அவனுக்கு முந்தின ஆளாக நின்று மாட்டுவார். "சின்னப் பயலோட கடைசிவர நிக்காரு பாரு, மேஸ்திரின்னா இப்படி இருக்கணும்," என்று ஆட்கள் சொன்னார்கள்.

ஏழாம் நாள் ஊர்க்காவலன் சிரிக்காமல் வந்தான்.

"அண்ணே, சட்டை சுடுதுண்ணே."

"புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் தம்பி."

"இல்லண்ணே. உள்ள தண்ணி ஓடுற மாதிரியே தெரியல."

சேர்மதுரை திரையைப் பார்த்தான். ஊர்க்காவலன் பெயருக்கு நேரே உடம்புச் சூடு முப்பத்தாறு புள்ளி எட்டு. பச்சை. எதற்கும் இருக்கட்டும் என்று பம்பை மாற்றிக் கொடுத்து முதுகில் தட்டி அனுப்பினான்.

ஒன்பதாம் நாள் பதினோரு மணி இருக்கும். ஊர்க்காவலன் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "எந்திரில, கண்ட்ரோல் ரூம்ல மேடம் திரையில பாத்துட்டு இருப்பாங்க," என்று யாரோ கத்தினார்கள். அவன் எழுந்து நாலு எட்டு வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான். சாய்ந்தான். சேர்மதுரை ஓடிப்போய்க் கழுத்தைத் தொட்டபோது தோல் அடுப்புக்கல் மாதிரி இருந்தது. வியர்வையே இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டார்கள். டாக்டர் அந்தப் பக்கத்தில் திரையைப் பார்த்துவிட்டு, "சூடு முப்பத்தாறு புள்ளி எட்டு, துடிப்பு எண்பத்திரண்டு. நல்லாத்தான் இருக்கான். நடிக்கிறான். சிவப்பு விழுந்தா கூப்பிடுங்க," என்று வைத்துவிட்டார். சிவப்பு விழாமல் ஆம்புலன்ஸ் வராது. வண்டியை விட்டுக் குழாயைக் கழற்றவும் கூடாது.

நான்கு பேர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். பதினொன்று நாற்பதுக்கு ஊர்க்காவலன் இறந்துபோனான். திரையில் அவன் பெயருக்கு நேரே நெஞ்சு துடித்துக்கொண்டே இருந்தது. எண்பத்திரண்டு. பச்சை. பிணத்தைத் துணியால் மூடிய பிறகும் துடித்தது.

சேர்மதுரை அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். பத்துத் துடிப்பு ஒழுங்காக ஏறி இறங்கியது. பதினொன்றாவது தவறியது. மறுபடி பத்து. மறுபடி ஒன்று தவறியது.

அது அத்தானின் நெஞ்சு.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கண்டெய்னரில் இசக்கிராஜ் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் யாரும் சாப்பிட வரவில்லை.

"அத்தான். நாப்பதாவது குழாயிலதான மாட்டி உருவுதீங்க?"

"பின்ன? நீ சொன்ன மாதிரிதான்."

"அந்த ரூம் நாப்பதாவது குழாயோட ரூமு இல்ல அத்தான். நான் தப்பா நெனைச்சிட்டேன். காலியான ரூம, அடுத்து எவன் மாட்டுதானோ அவனுக்குத் தூக்கிக் குடுத்திருது. உங்களுக்குப் பின்னால மாட்டுதவன் ரூமுல நீங்க படுத்திருக்கீங்க. அவன் பங்குல முக்காவாசி உங்களுக்கு வருது. அவன் வேகுதது யாருக்கும் தெரியல, ஏன்னா அவன் ரூமுல உங்க சூடுதான் எழுதியிருக்கு."

இசக்கிராஜ் ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரெண்டாவது வாரமே தெரிஞ்சிட்டு. எனக்குப் பின்னால மாட்டுதவன்தான் விழுதான். மொதல்ல அந்தோணி. பிறவு செல்லையா. எனக்கென்ன படிப்பா இருக்கு, கண்ணு இருக்குல்லா. நான் முன்னால மாட்டினா நம்ம பழைய ஆளுவ ஒவ்வொருத்தனா விழுவான். எனக்குப் பின்னால ஒருத்தனும் இல்லன்னா ரெண்டாவது பங்கு வராது. அதான் கடைசிக்கு ஒருத்தன் முன்னால வந்தேன்."

சேர்மதுரைக்கு அவர் சொன்னது உள்ளே இறங்க நேரம் பிடித்தது.

"புதுசா வந்தவன் கடைசியா மாட்டணும்னு சொன்னது..."

"நாந்தான்."

"அவன் சட்டை சுடுதுன்னு வந்தான் அத்தான். நான் பம்ப மாத்தி அனுப்பிவிட்டேன்."

"நீ என்னல செய்வ, உனக்குத் தெரியாதுல்லா." அவர் குரலில் ஆறுதல் மாதிரி ஏதோ இருந்தது. அதுதான் சேர்மதுரையால் தாங்க முடியவில்லை.

"அவனுக்கு இருபத்து நாலு வயசு."

"உங்க அக்காவுக்கு முப்பத்தி மூணு. போயி நிறுத்து. கட்டில்ல இருந்து என்னய எறக்கி விடு. ஒரு மாசம் தாங்குவேன். பிறவு போன் பண்ணி அவட்ட நீயே சொல்லு. நீயே சொல்லணும், ஆபீஸ்ல இருந்து சொல்லக் கூடாது." தட்டை அவன் பக்கம் தள்ளினார். "சாப்பிடு."

சேர்மதுரை எழுந்து, அடுத்த கண்டெய்னரில் இருந்த கட்டுப்பாட்டு அறைக்கு நேரே நடந்தான்.

முப்பத்திரண்டு வண்டிகளுக்கும் பொறுப்பு கலாமணி மேடம். ஈரோட்டுக்காரர். இன்ஜினியர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். சேர்மதுரை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கட்டில், சாவி, நாற்பதாவது குழாய், அத்தான், ஊர்க்காவலன். போலீசில் கொடுத்தாலும் பரவாயில்லை என்றான். அவர் நடுவில் ஒரு தடவை மட்டும் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க தம்பி. இதை நீங்களாத்தான் கண்டுபிடிச்சீங்களா? யாரும் சொல்லித்தரலீங்களா?"

"இல்ல மேடம்."

"எங்க ஆளுங்க எட்டுப் பேருக்கு ஒரு வருஷம் ஆச்சுங்க." அவர் பெருமூச்சு விட்டார். "அது பழைய தப்பு. கடைசியாக் காலியான இடத்தத்தான் அது மொதல்ல எடுத்துக் குடுக்கும். அப்பத்தான் வேகமா ஓடும்னு எவனோ எழுதி வச்சிருக்கான். உங்க வண்டில மட்டும்னு நெனைச்சீங்களா? முப்பத்திரண்டுலயும் இருக்குதுங்க. ஆளுங்க குழாயப் பிடுங்கிப் போட்டுட்டு ஓடுறாங்க இல்லீங்களா, தினமும் எங்கயோ ஒருத்தன் இடத்துல இன்னொருத்தன் போய் உட்கார்ந்துக்கறான். இந்தக் கோடையில பதினெட்டுப் பேரு. எல்லாருக்கும் மாரடைப்புன்னுதான் சர்டிபிகேட்டு."

"அப்பம் சரி பண்ணலியா?"

"கம்ப்யூட்டருக்கு மருந்து ரெடியா இருக்குதுங்க, மாசி மாசத்துல இருந்து. ஏத்தணும்னா எல்லா வண்டியும் ரெண்டு நாள் நிக்கோணும். திறப்பு விழா முடியட்டும்னு மேல சொல்லிட்டாங்க."

"எல்லாரும் பச்சப் பொத்தான அமுக்கினா போதுமே மேடம். நாலு நிமிஷம்தான். பஸ்ஸ நாலு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க."

"மூணு தடவ எழுதிக் கேட்டேனுங்க." அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து மூன்று தாள்களைக் காட்டினார். மூன்றிலும் ஒரே பதில். பஸ் நேரம் மாற்ற இயலாது. "பஸ்ஸு வேற டிபார்ட்மெண்டு."

வெளியே ஏதோ ஒரு வண்டியின் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. கலாமணி மேடம் இன்னொரு தாளை எடுத்தார்.

"உங்க வண்டிய ஒரு மாசமாப் பாத்துட்டுத்தான் இருக்கேன். மத்த வண்டில அது எப்ப, யாரு மேல விழும்னு தெரியாது. உங்களுதுல மட்டும் தினமும் ஒரே இடத்துல, சொன்னபடி விழுது. யாரோ ஓட்டறாங்கன்னு புரிஞ்சுது. மேல சொன்னேன். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சுங்க."

"என்ன பிடிச்சுப் போச்சு?"

"எப்படியும் விழப்போகுது. நல்லா வேல செய்யறவன் மேல விழாம, இந்தக் கோடைய எப்படியும் தாண்டாதவன் மேல விழுந்தா ஒரு வண்டிக்கு ஒண்ணோட நிக்கும். சட்டை சூடு மட்டும் பாக்கறதில்லீங்க தம்பி, வேர்வையும் பாக்குது. யாருக்குக் கிட்னி எந்த நெலமைன்னு எங்ககிட்ட இருக்குது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பேரு. மாட்டற ஒழுங்க நீங்க பாத்துக்கணும். வேற யாருக்கும் இது கைவராது."

தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார். இருபத்து மூன்றாம் வண்டி. முப்பத்தொன்பது பெயர்கள். முதல் வரியில் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

இசக்கிராஜ்.

"இவரு எங்க அத்தான் மேடம்."

"தெரியுங்க. அதனாலதான் உங்களக் கேக்காமச் செய்யலை."

"நான் மாட்டேன்."

"மாட்டேன்னா அது பாட்டுக்கு விழுமுங்க. யாரு மேலன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்க அத்தானுக்கு ரெண்டாவது பங்கும் இருக்காது. மாசக் கடைசில அவரும் போயிருவாரு, கூட இன்னும் ரெண்டு மூணு பேரும்." அவர் ஒரு பேனாவைத் தாளின் மேல் வைத்தார். "அவரு வேண்டாம்னா அடிச்சுட்டு வேற வட்டம் போடுங்க. எனக்கு ஒரு பேரு வேணும். அவ்வளவுதானுங்க."

சேர்மதுரை பேனாவை எடுக்க மாட்டேன் என்றுதான் நினைத்தான். அத்தான் தட்டைத் தள்ளிவைத்த கை கண்ணுக்குள் நின்றது. அந்தக் கையை வெறுத்தான். அந்த மனுஷன் சாகட்டும் என்று ஒரு நிமிடம் முழு மனதோடு நினைத்தான். அக்கா போனை எடுத்து "சொல்லு தம்பி" என்பாள் என்று நினைத்ததும் அந்த நிமிடம் கலைந்துபோனது.

சிவப்பு வட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டான்.

பட்டியலின் கீழே, நேற்று பஸ்ஸில் வந்து இறங்கி இன்னும் குழாய் மாட்டாதவர்கள் இருந்தார்கள். ஆறு பேர். அவர்களில் ஒருவனும் இன்னும் கொட்டகைப் பக்கம் வரவில்லை. யாருக்கு வயது என்ன, எந்த ஊர், ஜிப்பு ஏறுகிறதா இல்லையா, எதுவும் அவனுக்குத் தெரியாது. இடது உள்ளங்கையை விரித்துப் பெயர்களின் மேல் வைத்து மூடினான். வரிசை எண்கள் மட்டும் வெளியே தெரிந்தன. முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தேழு. ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட்டான். வட்டம் கோணலாக விழுந்தது. பேனாவை வைத்துவிட்டுக் கையை எடுக்குமுன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கையெழுத்துங்க."

பார்க்காமலே போட்டான்.

"பேர வாசிச்சுச் சொல்லணும்ங்க தம்பி. ரெண்டு பேருக்கும் ஒரே ஆளுன்னு தெரியோணுமில்ல, நாளைக்கு மாத்தி மாட்டிட்டீங்கன்னா?"

"வேண்டாம் மேடம். நம்பர் போதும்."

"ரூலுங்க."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். சேர்மதுரை எழுந்து வேகமாக நடந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். சூடு முகத்தில் அறைந்தது. குளிர்ச்சி வெளியே போகாமல் இருக்க அந்தக் கதவு தானாக மூடும். ஆனால் மெதுவாகத்தான் மூடும்.

பெயர் முழுதாகக் காதில் விழுந்தது. ஊரும்.